கையில் பிரம்பு, மார்பில் பதக்கம்

நண்பர்களே,

பழைய ரோமாபுரியில் எதிரே வருபவர் எந்தப் படியில் நிற்பவர் என்று விசாரிக்க வேண்டியதில்லை, உடுப்பே சொல்லிவிடும். செனட்டரின் அங்கியில் அகலமான ஊதாப் பட்டை. அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்பாருக்கும் அதே ஊதாதான், ஆனால் ஒடுங்கிய பட்டை. பெயரைக் கேட்டுக் குதிரையைத் தேடாதீர்கள். அந்த வகுப்பில் சேரத் தேவைப்பட்டது 4 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பெறுமான சொத்து. பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சிப்பாய்க்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். உடைக்கும் ஆயுதத்துக்கும் பிடித்தம் வேறு. ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 440 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

ஆனாலும் சிப்பாய்க்கு ஒரு குறுகிய ஏணி இருந்தது. அதன் பெயர் செஞ்சூரியன் பதவி. நூற்றுவர் தலைவன் என்று பொருள். கணக்கில் அவனுக்குக் கீழே இருந்தவர்கள் சுமார் 80 பேர்தான். அவன் அடையாளம் திராட்சைக் கொடியை வெட்டிச் செய்த பிரம்பு. அது அலங்காரத்துக்கு அல்ல. லூசிலியஸ் என்ற செஞ்சூரியன் ஒரு பிரம்பு முதுகில் முறிந்ததும் ‘இன்னொன்று கொண்டா’ என்று கத்துவானாம். சிப்பாய்கள் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக்கிவிட்டார்கள். கி.பி. 14-இல் டான்யூப் ஆற்றங்கரை மாகாணமான பன்னோனியாவில் படை கலகம் செய்தபோது முதலில் தீர்த்துக்கட்டப்பட்டவர்களில் அவனும் ஒருவன். எனக்கு வியப்பில்லை.

லெஜியன் என்ற பெரும் படைப்பிரிவின் தலைமைச் செஞ்சூரியனாக உயர்ந்து ஓய்வு பெற்றவனுக்குக் கிடைத்த தொகையோ குதிரைவீரர் வகுப்புக்குள் நுழையப் போதுமானது. அடிவாங்கிய முதுகுக்காரன் ஒடுங்கிய ஊதாப் பட்டையை எட்டிவிடலாம்.

ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 18-ஆம் லெஜியனின் செஞ்சூரியன் மார்க்கஸ் கேலியஸுக்குத் தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்த பூப்ளியஸ் எழுப்பியது. கி.பி. 9-இல் ரோமானியத் தளபதி வாருஸின் மூன்று லெஜியன்கள் ஜெர்மானியக் காட்டில் அழிந்தபோது மாண்டவர் மார்க்கஸ். வயது ஐம்பத்து மூன்றரை. கல்லில் செதுக்கிய அவர் உருவத்தின் தலையில் சக குடிமகனின் உயிரைக் காத்ததற்கான ஓக் இலை மகுடம், மார்பு நிறையப் பதக்கங்கள், கையில் அதே பிரம்பு. இரு பக்கமும் அவர் விடுதலை செய்த அடிமைகள் இருவரின் தலைகள்: பிரைவேட்டஸ், தியாமினஸ். இருவர் பெயரும் ‘மார்க்கஸ் கேலியஸ்’ என்றே தொடங்குகிறது. விடுதலை கிடைத்தாலும் எஜமானின் பெயரைச் சுமப்பதே வழக்கம்.

கீழே ஒரு வரி: எலும்புகளை உள்ளே வைக்கலாம். யாருடைய எலும்புகள் என்று கல் சொல்லவில்லை.