கண்டக்டர் ஏறிய படிகள்

வணக்கம். போன வாரம் மொத்தம் எத்தனை நிமிடம் வேர்க்க விறுவிறுக்க நடந்தீர்கள் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. மூன்று நாள் நடந்ததை மனசு ஐந்து நாளாக்கிவிடும், மாடிப்படி ஏறியதும் வீடு பெருக்கியதும் கணக்கிலேயே வராது. மாரடைப்பைத் தடுக்க எவ்வளவு உடலுழைப்பு வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் பலரும் இப்படிப்பட்ட பதில்களை வைத்துத்தான் பல வருஷம் கணக்குப் போட்டார்கள்.

லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் யாரையும் கேட்கவில்லை. அந்த ஊர் மாடி பஸ்ஸில் அப்போது டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறுவார். செய்யும் வேலையே அளவுகோல் ஆகிவிட்டது! கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்ற முடிவு 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அப்புறம் மாரிஸ் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் முடிவையே சந்தேகப்பட்டு யூனிஃபார்ம் தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார். இளவயது டிரைவர்களுக்கே பேண்ட் இடுப்பளவு பெரிசாக இருந்தது. அப்படியென்றால் இதயத்தைக் காப்பாற்றியது படியா, இல்லை ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒல்லி உடம்பா?

இப்போது அசைவைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. அமெரிக்காவில் 2003-04-ல் அதை மக்கள் இடுப்பில் கட்டிவிட்டுப் பார்த்தபோது, தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி என்ற அளவை எட்டிய பெரியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாய்ச்சொல் கணக்கில் இது பல மடங்கு இருந்தது. ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் சொல்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு, நடந்தவரும் நடக்காதவரும் ஒரே பட்டியலில் கலந்துபோய், நடையால் கிடைக்கும் நன்மை உண்மையில் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும்.

கருவியும் அரிச்சந்திரன் இல்லை. இடுப்பில் கட்டினால் சைக்கிள் மிதிப்பது சரியாகப் பதிவாகாது, வெறுங்கையோடு நடப்பவரும் தண்ணீர் கேனைத் தூக்கி நடப்பவரும் அதற்கு ஒன்றுதான். பிரிட்டனில் 'யுகே பயோபேங்க்' ஆய்வில் 2013 முதல் 2015 வரை சுமார் ஒரு லட்சம் பேர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள், ஆளுக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளும் ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தால்? குளிருக்குப் பயந்து வெளியே வராமலே இருந்திருந்தால்? அதற்காகத்தான் அவர்களில் சுமார் 2,500 பேரை வேறு வேறு பருவங்களில் மறுபடியும் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.