ராத்திரியில் நிற்கும் காரைக் கண்காணிக்க எந்த கேமரா வாங்கலாம்?

அடுத்த கேள்வி. "வாசலுக்கு வெளியே இரண்டு கார் நிறுத்துகிறோம், பகல் இரவு இரண்டிலும் பார்க்க வேண்டும், 8 மெகாபிக்சல் கேமரா ஒன்று மாட்டினால் போதுமா, கீறிவிட்டுப் போகிறவர் முகமும் வண்டி நம்பரும் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

போதாதுங்க. பகலில் எந்த கேமராவும் நன்றாகத்தான் காட்டும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவில் எப்படி என்று மட்டும் பாருங்கள். ஒரே அளவு சென்சாரில் (வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சில்லு) 8 மெகாபிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலும் சின்னதாகிவிடும், அதில் விழுகிற வெளிச்சமும் குறையும், இருட்டில் படம் புள்ளி புள்ளியாக வரும். 1/2.8 இன்ச் சென்சாரில் 8 மெகாபிக்சல், 1/1.8 இன்ச் சென்சாரில் 4 மெகாபிக்சல், இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன் (பின்னம் என்பதால் கீழே இருக்கும் எண் குறைந்தால் சென்சார் பெரிது). அப்புறம் லென்ஸின் எஃப் எண்ணைப் பாருங்கள், லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று சொல்கிற எண் அது, குறைந்தால் நல்லது. எஃப் 2.0 லென்ஸை விட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

பகல் இரவு கேமரா என்றால் உள்ளே ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். பகலில் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியைத் தடுக்கும், இருட்டினால் விலகி வழிவிடும், ஐஆர் விளக்கு எரியும், படம் கறுப்பு வெள்ளையாக மாறும். அந்தப் படத்தில் நிறத்தை நம்ப முடியாது, கறுப்புச் சட்டைக்காரர் வெள்ளைச் சட்டையோடு நடந்து போவது போலக்கூடத் தெரியும், துணியின் சாயத்தைப் பொறுத்தது. நிறம் வேண்டும் என்றால் தெருவிளக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை விளக்கோடு வருகிற கேமரா வாங்க வேண்டும். ஐஆரிலும் 850 நானோமீட்டர் விளக்கு இருட்டில் லேசாகச் சிவந்து தெரியும், 940 கண்ணுக்கே தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. காருக்கு 850 போதும், கேமரா இருப்பது தெரிந்தால் தெரியட்டுமே.

நம்பர் பிளேட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல இடங்களில் பிளேட் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிற வகையாக இருக்கும், அதில் ஐஆர் பட்டால் எழுத்தே தெரியாமல் வெள்ளைக் கட்டமாகிவிடும். ஹெட்லைட் கூசுவது வேறு. இதற்கு நடுவில் கேமரா தானாகவே படத்தை வெளிச்சமாக்க ஷட்டரை மெதுவாக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் வெளிச்சத்தை வாங்கும், ஓடுகிற வண்டியும் நடக்கிற ஆளும் பேய் மாதிரி இழுபட்டுத் தெரியும். அதனால் விற்பவரிடம் இரவுப் பதிவு கேட்டால், ஆள் நடந்து போகிற பதிவாகக் கேளுங்கள், நிற்கிற காரைக் காட்டினால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

நம்பர் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்குத் தனி கேமரா. வண்டி கடந்துதான் ஆக வேண்டிய இடத்தைக் குறிவைத்து, 12 எம்எம் வரை இழுக்கக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் (ஜூம் போல இழுத்துப் பெரிதாக்கலாம்), ஷட்டர் 1/500 நொடி அல்லது அதைவிட வேகம், பிளேட்டைப் பார்க்கிற கோணம் 30 டிகிரிக்குள். இரவில் அந்தப் படத்தில் பிளேட்டைத் தவிர வேறு எதுவும் அவ்வளவாகத் தெரியாது, அது பரவாயில்லை.

காரைப் பார்க்கிற கேமராவுக்கு வேறு கணக்கு. தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் காண, அவர் நிற்கிற இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று கண்காணிப்பு கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 62676-4 இன் 2014 பதிப்பு சொன்னது. 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல், அப்படியானால் சுமார் 10 மீட்டர் அகலம்தான் தாங்கும். அகலமாகக் காட்டுகிற 2.8 எம்எம் லென்ஸ் போட்டுத் தெரு முழுவதையும் பிடிக்க ஆசைப்பட்டால் ஆள் வந்தது தெரியும், யார் என்று தெரியாது.

மாட்டும்போது மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், தலை உச்சிதான் பதிவாகும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் வீண், ஐஆர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். பதிவைச் சேமிக்க, நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க் ஒரு கேமராவுக்கு மூன்று வாரம் தாண்டும்.

சரி, ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும் என்றால்? நம்பர் பிளேட் ஆசையை விட்டுவிடுங்கள், பெரிய சென்சார் உள்ள 4 மெகாபிக்சலை எடுத்து இரண்டு கார்களின் கதவுப் பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள்.