ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் ஆமை

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு அமைப்பு லினக்ஸ். கல்லூரியில் அந்தப் பாடம் வந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வீட்டில் இருக்கிற விண்டோஸ் லேப்டாப்பில் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸைக் குடிவைத்துவிடுகிறார்கள். இதற்கு வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். என்னைக் கேட்டால் ஒண்டுக்குடித்தனம் என்பேன். வீட்டுக்காரர் விண்டோஸ், குடிவந்தவர் லினக்ஸ். அடுப்பு இரண்டு, ஆனால் கிணறு ஒன்றுதான். அந்த ஒற்றைக் கிணற்றை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் அங்கேதான் வருவேன்.

என் அண்ணன் மகள் ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை, ஒரு எழுத்து அடிச்சா டீ குடிச்சுட்டு வந்து பார்க்கணும் போல இருக்கு" என்றாள். மொத்தம் 8 ஜிபி ராம். யாரோ சொன்னார்களாம், அதில் ஆறை லினக்ஸுக்குக் கொடுத்திருந்தாள். பிராசஸரில் நான்கு கோர், நான்கையும் கொடுத்திருந்தாள். தாராள மனசு! வீட்டுக்காரருக்கு மிஞ்சியது இரண்டு ஜிபி. அவர் மூச்சு முட்டிப்போய், ராமில் இடமில்லாததை எல்லாம் டிஸ்கில் எழுதுவதும் எடுப்பதுமாக இருந்தார். அதே டிஸ்கை நம்பித்தானே குடிவந்தவரும் இருக்கிறார்? கிணறு ஒன்றுதான் என்றேனே, அது இதுதான். நான்கு ஜிபியாகவும் இரண்டு கோராகவும் குறைத்தோம். கொடுத்ததைக் குறைத்ததும் கொஞ்சம் வேகம் வந்தது. அவளால் நம்ப முடியவில்லை.

ஆனாலும் மௌஸ் தத்தித் தத்தித்தான் போனது. அப்போதுதான் திரையில் லினக்ஸ் ஓடுகிற வெர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையைப் பார்த்தேன். வலது ஓரத்தில், கடுகளவில், ஒரு பச்சை ஆமை. "அழகா இருக்குல்ல அத்தை?" என்கிறாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பாட்டிமார் சொன்னது இந்த வீட்டைத்தானோ என்னவோ!

அந்த ஆமை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும், வெர்ச்சுவல் மெஷினுக்கென்றே பிராசஸருக்குள் ஒரு தனி வசதி வைத்தார்கள். குடிவந்தவருக்கென்று ஒரு தனி வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கென்றே ஹைப்பர்-வி என்று சொந்தமாக ஒரு வெர்ச்சுவல் மெஷின் ஏற்பாடு உண்டு. அது ஓடினால் அந்த வாசலை அது பிடித்துக்கொள்ளும். வெர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் போய்வர வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆமை. ஹைப்பர்-வியை நாம் போட்டிருக்கவே வேண்டாம், விண்டோஸ் பாதுகாப்பில் இருக்கிற மெமரி இன்டெக்ரிட்டி போன்றவையும் அதை எழுப்பிவிடும். இவற்றை அணைத்து, ரீஸ்டார்ட் செய்தோம். ஆமை போய் சிப் படம் வந்தது. மௌஸும் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒன்று சொல்லிவிடுகிறேன், மெமரி இன்டெக்ரிட்டி ஒரு காவல். பாடம் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வியின் அடித்தளம் வேண்டும், அவர்கள் கை வைக்கும் முன் யோசிக்கட்டும்.

சரி, ஆமை இல்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறதா? லினக்ஸுக்குள் டெர்மினலில் டாப் என்ற கட்டளையை அடியுங்கள். பிராசஸர் வரியில் 'டபிள்யூஏ' என்ற எண் ஏறியிருந்தால், டிஸ்குக்காகக் காத்துக்கிடக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் கிணற்றடி வரிசைதான்! பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றினால் அந்த வரிசை சட்டென்று குறையும். கிளவுடில் வாடகைக்கு எடுத்த இயந்திரம் என்றால் அதே வரியின் கடைசியில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள். உங்கள் முறைக்கு வரவேண்டிய பிராசஸர் நேரம் வேறு பக்கம் போய்விட்டது என்று அது சொல்கிறது. அந்த எண் விடாமல் உயரத்திலேயே நின்றால் உள்ளே எதைத் திருகியும் பயனில்லை. வாடகைக்கு விட்டவரிடம் பேசுங்கள், இல்லாவிட்டால் வீடு மாறுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வெர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் பற்றி விரிவாகச் சொல்ல எழுதிவந்தேன், நேரமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தவற்றில் வேண்டாததை வெர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே நீக்குங்கள், கோப்பை நேராக அழித்துவிடாதீர்கள். அப்புறம் குடிவந்தவருக்கென்று வெர்ச்சுவல்பாக்ஸ் தரும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டாயிற்றா என்று பாருங்கள். லினக்ஸின் திரைத் தோற்றத்துக்கு, அதாவது மேசைத்தளத்துக்கு, கனமான க்னோமுக்குப் பதில் இலேசான எக்ஸ்எஃப்சிஇ போதும். வணக்கம்.