சடங்குக்கு முந்தின நாள் ஃபேஷியல்: 13 வயது முகத்துக்கு அது தேவையா?

[திரையில்: மண்டப வாசல், மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ்]

வணக்கம். முகூர்த்த மாதத்தில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு பஸ்ஸில் போனால், வழியில் மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் கண்ணில் படாமல் இருக்காது. பட்டுப்புடவையில் 12, 13 வயதுப் பெண், பக்கத்தில் சீர்த்தட்டோடு தாய்மாமன். இப்போதெல்லாம் பல வீடுகளில் அந்த விழாவுக்கு ஒரு பார்லர் பேக்கேஜும் சேர்ந்துவிட்டது. ஃபேஷியல், பிளீச், த்ரெட்டிங், அப்புறம் விழா அன்று மேக்கப். கல்யாணப் பெண்ணுக்கு என்ன உண்டோ அதெல்லாம் இந்தக் குழந்தைக்கும்.

மேக்கப், த்ரெட்டிங் இருக்கட்டும். ஃபேஷியலும் பிளீச்சும் அந்த வயதுக்கு வேண்டுமா? என் பதில்: சாதாரண முகத்துக்குத் தேவையில்லை, பரு இருக்கும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம், எண்ணெய்ச் சுரப்பி]

வயதுக்கு வரும் சமயத்தில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடும். ஆண், பெண் இரண்டு பேருக்கும் இது உண்டு. இவை தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும். அதிகமாகச் சுரக்கும் எண்ணெயும், உதிர வேண்டிய செல்களும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைத்துக்கொள்ளும். அடைப்பு மேலே திறந்திருந்தால் கறுப்பாகத் தெரியும், அதுதான் பிளாக்ஹெட். அது அழுக்கு இல்லை, அதனால் தேய்த்தால் போகாது. மூடிய துளைக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்கி வருவதுதான் பரு. இத்தனையும் தோலுக்கு உள்ளே நடக்கிறது. “முகத்தை ஒழுங்கா கழுவுறதில்ல” என்று பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

இப்போது ஃபேஷியலில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சுத்தம் செய்து, ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, ஆவி காட்டி, கம்பியால் பிளாக்ஹெட்டை எடுத்து, கிரீம் போட்டு நன்றாக மசாஜ் செய்து, கடைசியில் பேக். 40 வயது அம்மாவுக்கு அந்த மசாஜ் சுகம். வீட்டில் யாரும் கூப்பிடாமல் அரை மணி நேரம் படுத்திருப்பதே பெரிய பலன்தானே. பரு வந்திருக்கும் முகத்தில் கதை வேறு. வீங்கியிருக்கும் துளையை அழுத்தித் தேய்த்தால் அதன் சுவர் உள்ளுக்குள்ளேயே உடையும், வீக்கம் பக்கத்தில் பரவும். கொழகொழப்பான மசாஜ் கிரீம் புதிதாகத் துளைகளை அடைக்கும். புதுப் பரு மறுநாளே வராது, சில வாரம் கழித்துக்கூட கிளம்பும். அதற்குள் விழா முடிந்து ஆல்பமே வந்திருக்கும். அதனால் யாரும் ஃபேஷியலைச் சந்தேகப்படுவதில்லை.

இன்னொன்று. நம் ஊர் மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நசுக்கினால், தேய்த்தால் அது இன்னும் ஆழமாகும்.

பிளீச்சில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும். அது முகத்தின் பூனை முடியின் நிறத்தை மாற்றுகிறது, அதனால்தான் முகம் பளிச்சென்று தெரிகிறது. முதல் தடவை போடும் பிள்ளைக்கு எரிச்சலோ, சிவந்த திட்டோ வரலாம். அதை விழாவுக்கு முந்தின நாள் சோதித்துப் பார்ப்பானேன்? விவரம் தெரிந்த பார்லர் அக்காக்கள் “இப்ப வேண்டாம்மா, சின்னப் பொண்ணு” என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்கிற அக்காவை விட்டுவிடாதீர்கள்.

[திரையில்: பெயர் மறைக்கப்பட்ட கிரீம் டியூப்கள்]

ஆனால் ஃபேஷியலைவிட எனக்குப் பயம் இந்த டியூப்களைப் பார்த்துத்தான். “படம் நல்லா வரணும், கொஞ்சம் கலரா தெரியணும்” என்ற பேச்சு தொடங்கியதும் யாராவது ஒரு சித்தி ஒரு டியூபோடு வந்துவிடுவார். பெட்டமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. 2018ல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கொடுக்கும் கடைகள் உண்டு. முதல் சில வாரம் முகம் மினுங்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் சிவப்புக் கோடாகத் தெரியும், பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், அதனால் மறுபடி தடவுவார்கள். 13 வயதில் தொடங்கும் இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது லேசில்லை. லேபிளே இல்லாத டப்பா கிரீம் இன்னும் மோசம். கேரளாவில் மலப்புரத்தில், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது 2023ல் வெளியே வந்தது.

இன்ஸ்டாகிராம் பார்த்து ரெட்டினால், கிளைக்காலிக் ஆசிட் சீரம் வாங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சுருக்கத்துக்கான பொருள், சுருக்கமே இல்லாத முகத்தில். எரிச்சல்தான் மிச்சம்.

சரி, என்னதான் செய்வது? காலையும் மாலையும் மிதமான ஃபேஸ்வாஷ். துளையை அடைக்காத லேசான மாய்ஸ்சரைசர். வெயிலில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன், தழும்பு கறுப்பதைக் குறைக்க. பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்ஸைடு நல்ல தொடக்கம். அது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும், பழைய துணியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடபலீன் 0.1 சதவீத ஜெல்லும் உண்டு, 12 வயதுக்கு மேல், மருத்துவர் சொல்லி மட்டும். எதுவானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம். அதனால் விழா தேதி குறித்த அன்றே தொடங்குங்கள். முந்தின வாரம் புதிதாக எதுவும் முகத்தில் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் எப்போதுமே வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் பெரும்பாலோருக்குப் பிரச்சினை செய்வதில்லை, பருவுக்கு மருந்து என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சங்கதி: தலைக்குச் சொட்டச் சொட்டத் தேங்காய் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு அனுப்புகிறோம். டெல்டாப் புழுக்கத்தில் அது வியர்வையோடு வழிந்து நெற்றிக்கு வரும். நெற்றியோரம் மட்டும் பொடிப்பொடியாகப் பரு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இரவில் வைத்துக் காலையில் அலசிவிடலாம்.

பையன்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்கு முன் சலூனில் பிளீச்சும் ஃபேஸ் மசாஜும் செய்துகொள்கிற பத்தாம் வகுப்புப் பையனுக்கும் இதே கணக்குதான்.

[திரையில்: அரசு மருத்துவமனை வெளிநோயாளிகள் பிரிவு]

கட்டியாக வலிக்கும் பரு, குழி விழும் தழும்பு, அல்லது பருவோடு மாதவிலக்குக் கோளாறும் முகத்தில் முடியும் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஒரு ஃபேஷியலுக்குக் கொடுக்கும் காசில் குடும்பமே பஸ்ஸில் போய் வரலாம். போகும்போது இதுவரை முகத்தில் போட்ட டியூப், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். சித்தி கொடுத்ததையும்.