பெடல் ஸ்டீல் கிட்டாரும் எஃபெக்ட்ஸ் பெட்டிகளும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கன்ட்ரி பாடல்களில், பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், குழைந்து இழைந்து ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் ஓர் ஒலி எழும். அது பெடல் ஸ்டீல் கிட்டாரின் ஒலி. அந்த வாத்தியத்தோடு எஃபெக்ட்ஸ் பெட்டிகளை, அதாவது ஒலியை முரடாக்கவும் எதிரொலிக்கவும் சுழலச் செய்யவும் உதவும் சிறு மின்கருவிகளை, எப்படி இணைப்பது என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கோட்டு வாத்தியக் கச்சேரி கேட்டவர்களுக்கு இதன் இடது கை வேலை உடனே விளங்கிவிடும். விரல் தந்தியை அழுத்துவதில்லை. ஓர் எஃகு உருளை தந்திகளின் மேல் வழுக்குகிறது. ஆனால் கால்களின் வேலைதான் இந்த வாத்தியத்தின் உயிர். கலைஞர் அதன் முன் அமர்ந்து, இடது காலால் மிதிகளை அழுத்தியும், இரு முழங்கால்களாலும் நெம்புகோல்களைத் தள்ளியும், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியையே இறுக்கவும் தளர்த்தவும் செய்கிறார். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஓர் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் இப்படி மிதியால் சுரத்தை வளைத்துக் காட்டியபின், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்து ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் வாத்தியத்தில் மிதி பொருத்த முனைந்தார்கள். வலது காலோ, சத்தத்தை ஏற்றி இறக்கும் வால்யூம் பெடலை விட்டு அகலுவதே இல்லை.

இப்போது சிக்கலைப் பாருங்கள். சாதாரண கிட்டார் கலைஞர் நின்றுகொண்டு வாசிக்கிறார். வேண்டிய பெட்டியைக் காலால் மிதித்து இயக்குகிறார். ஸ்டீல் கலைஞருக்கு எந்தக் கால் மீதம் இருக்கிறது? கை இரண்டும் தந்திமேல், கால் இரண்டும் மிதிமேல், முழங்கால்கள் நெம்புகோல்களுக்கு நடுவே. மீதமிருப்பது வாய் ஒன்றுதான். நான் சொல்லப்போகும் கதையும் அந்த வாயைப் பற்றியதே.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்வினோ ரே என்ற ஸ்டீல் கலைஞர் தம் வாத்தியத்தைப் பேசவைத்தார். மேடையின் பின்னால் மறைந்து நின்ற அவருடைய மனைவி, தொண்டையில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, கிட்டாரின் ஒலியைத் தம் வாயசைவால் சொற்களாக்கினார். அதற்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. நாஷ்வில்லில் பீட் டிரேக் அந்த இரண்டாவது ஆளை விலக்கினார். ஸ்டீல் கிட்டாரின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பாமல் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, குழாயின் நுனியைத் தம் வாயோரம் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமலேயே சொற்களை உதட்டாலும் நாவாலும் உருவாக்கினார். எதிரிலிருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. தொண்டையின் வேலையைத் தந்தி செய்தது. 1964இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்கா முழுவதும் விற்றது.

1970இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுடைய தனி இசைத்தொகுப்பில் வாசிப்பதற்காக அதே பீட் டிரேக் லண்டன் சென்றார். அங்கே இருந்த பீட்டர் ஃபிராம்ப்டன் என்ற இளம் கிட்டார் கலைஞரின் கண்ணெதிரே குழாயை வாயில் வைத்து வாசித்துக் காட்டினார். 1976இல் ஃபிராம்ப்டனின் மேடைப்பதிவு இசைத்தொகுப்பு உலகெங்கும் விற்றுக் குவிந்தபோது, பேசும் கிட்டாரை ராக் இசையின் புதுமை என்றே பலரும் கொண்டாடினார்கள். அது ஸ்டீல் கலைஞர் ஒருவரின் கைவழியாக வந்தது என்பதை வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் நான் சொல்லிவருகிறேன், இன்றும் சொல்கிறேன். மனிதக் குரலைப் போலவே இந்த வாத்தியமும் சுரத்திலிருந்து சுரத்திற்கு இடைவெளியின்றி நகர்வதால்தான் சொற்கள் அதில் அவ்வளவு இயல்பாகப் பொருந்தின.

அடுத்து வலது காலுக்கு வருவோம். ஸ்டீல் கலைஞர் வால்யூம் பெடலை முழுவதும் அழுத்தி வாசிப்பதில்லை. பாதி அழுத்தத்தில் தந்தியை மீட்டி, ஒலி தேயத் தேயக் காலைச் சிறிது சிறிதாக அழுத்தி, தேய்வு காதுக்குத் தெரியாமல் ஈடுகட்டுகிறார். அந்த நெடிய நாதம் கால் தரும் நாதம். ஆகவே எஃபெக்ட்ஸ் பெட்டி எதுவானாலும், வாத்தியத்திலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒலி செல்லும் பாதையில் அது வால்யூம் பெடலுக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதே முதல் கேள்வி. ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெட்டியைப் பின்னால் வைத்தால், கால் எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பெட்டி அதைத் தட்டையாக்கிவிடும். சத்தம் மாறுவதற்குப் பதில் கரகரப்பின் அளவுதான் மாறும். முன்னால் வைத்தால் கரகரப்பு ஒரே சீராக இருக்க, சத்தம் மட்டும் காலுக்குக் கட்டுப்படும். நான் முன்னால் வைப்பதையே விரும்புகிறேன். 1969இல் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவில் ஸ்னீக்கி பீட் க்ளைனோ ஸ்டீல் கிட்டாருக்கு ஃபஸ் சேர்த்து, கன்ட்ரி இசை அதுவரை அறியாத ஒரு முரட்டு அழகைக் கொண்டுவந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஃபஸ் அவற்றைக் கலக்கி இரைச்சலாக்கிவிடும் என்று கிட்டார் கலைஞர்கள் அஞ்சுவார்கள். ஸ்டீல் கலைஞர்களில் பலர் அந்தர காந்தாரத்தைப் பியானோவின் அளவுக்கு வைக்காமல், ஷட்ஜத்தோடு துடிப்பின்றி இணையும்வரை சற்றே தாழ்த்திச் சுருதி சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ந்த சுரங்கள் ஃபஸ்ஸுக்குள் சென்றாலும் கலங்காமல் ஒன்றியே வெளிவருகின்றன. சுருதி சுத்தம் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறது என்பதை இதில் நேரடியாகவே கேட்கலாம்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: கால் செய்யும் வேலையையே அதுவும் செய்வதால், பழகிய கலைஞருக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

நேரம் நெருங்கிவிட்டதால் எதிரொலிப் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டிலேயும் ரிவெர்பும் வால்யூம் பெடலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் கால் ஒலியை மூடிய பிறகும் எதிரொலி தானாகத் தேய்ந்து முடியும், முன்னால் இருந்தால் கால் அதையும் சேர்த்து அறுத்துவிடும். 1983இல் அப்போலோ விண்பயணங்களைப் பற்றிய திரைப்படத்துக்காகப் பிரையன் ஈனோ அமைத்த இசையில் டேனியல் லான்வா வாசித்த ஸ்டீலைத் தேடிக் கேளுங்கள். எதிரொலியும் இந்த வாத்தியமும் எவ்வளவு தூரம் சேர்ந்து பயணிக்கலாம் என்பது புரியும். தேவாலய மரபிலிருந்து வந்த ராபர்ட் ராண்டால்ஃப் இதே வாத்தியத்தில், ஒலியை 'வா-வா' என்று வாய் திறந்து மூடுவதுபோல் மாற்றும் வா-வா பெடலைக் கையாளும் விதத்தையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அவருடைய மேடைப்பதிவுகளையும் நேயர்கள் கேட்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.