கூடம் கோணலா? – பட்டிமன்றத்தில் இணைய அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இன்றைய பெண் கலைஞர்களின் படைப்பை முழுமையாகக் கொண்டுசேர்ப்பது அரங்கக் கண்காட்சியா, இணையக் கண்காட்சியா?" இதுதான் தலைப்பு. அரங்கத்துக்காகப் பேசிய நண்பர் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்கினார். திரையில் நிறம் மாறுகிறது, தூரிகைத் தடமும் நூலின் தடிப்பும் தெரிவதில்லை, அளவு புரிவதில்லை, படம் திருடு போகிறது. பலமான கைதட்டல்! நான்கும் உண்மைதான், அரைகுறையாகச் செய்த இணையக் கண்காட்சிக்கு. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்றாராம்.

சரி, அவர்களுடைய கூடத்தையே முதலில் பார்ப்போம். 1989-இல், கலை உலகில் பெண்களுக்கு இடம் கேட்டுப் போராடும் கெரில்லா கேர்ள்ஸ் குழு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் தலை எண்ணியது. நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண ஓவியங்களிலோ 85 சதவீதம் பெண் உருவங்கள். 2012-இல் மறுபடி எண்ணினார்கள். கலைஞர் கணக்கு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. சுவர் இவ்வளவுதான் என்றால் யாரோ ஒருவர் பங்கு பிரிக்கிறார். அவர் பிரித்த லட்சணம் இது.

இனி நிறத்துக்கு வருகிறேன். நிறத்தைக் கெடுப்பது பெரும்பாலும் படம் எடுத்தவர். பழி திரைக்குப் போகிறது. ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள். அறையை இருட்டாக்கி, ஒரே வகை விளக்கு இரண்டை இருபுறமும் 45 பாகையில் வைக்க வேண்டும். கேமராவின் முகம் ஓவியத்துக்கு நேர் இணையாக, நடு மையத்தில் இருக்க வேண்டும். முதல் படத்தில், அளவறிந்த நிறக் கட்டங்கள் அச்சிட்ட நிற அட்டையை வைத்து எடுத்தால் திருத்துவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். எண்ணெய் ஓவியம் பளபளத்தால் விளக்கின் முன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசிங் தாள்; லென்ஸில் அதே வகை வடிகட்டி. வடிகட்டியைத் திருப்பத் திருப்பப் பளபளப்பு அடங்கும். மூலக் கோப்பை, நிற நுணுக்கம் இழக்காத 16 பிட் டிஃப் (TIFF) வடிவில் பத்திரப்படுத்திவிட்டு, இணையத்துக்கான பிரதியை மட்டும் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறமுறைக்கு மாற்ற வேண்டும். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி நிறமுறையில் இருக்கும் படத்தை மாற்றாமல், எந்த நிறமுறை என்று கோப்பில் சொல்லும் குறிப்பும் நீங்கிப்போன நிலையில் ஏற்றினால் சிவப்பெல்லாம் வெளுத்துத் தெரியும். எதிரணி பார்த்த "பொய் நிறம்" பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்ததன் பலன்தான்.

தூரிகைத் தடமும் நூல்தடிப்பும்தான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பேசுகிறேன். தையல் வேலைப்பாடு உள்ள ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 45 பாகை விளக்கில் அது தட்டையான அச்சுத்துணி மாதிரிதான் தெரியும். அதனால் இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஒரே விளக்கு, துணியின் மேல் உராய்ந்துகொண்டு போகிற மாதிரி 15 பாகைக்குச் சாய்த்து. அப்போது ஒவ்வொரு முடிச்சும் தன் நிழலோடு எழும்பும். நூல் இழுபட்ட இடத்தில் துணி சுருங்கியிருப்பதுகூடத் தெரியும். நெருக்கமான நெசவில் ஒரு தொல்லை உண்டு. படத்தை எடுக்கும்போதும் சுருக்கும்போதும், துணியில் இல்லவே இல்லாத அலைக்கோடுகள் கிளம்பும். துணியின் இழைவரிசையும் படத்தின் புள்ளிவரிசையும் மோதுவதால் வருவது. கேமராவைச் சற்று முன்பின் நகர்த்தி, கூடுதல் தெளிவில் எடுத்துப் படிப்படியாகச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரிதாக்கிப் பார்ப்பதற்கு ஒரே கனமான கோப்பை ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்வையாளர் போய்விடுவார். 12,000க்கு 8,000 பிக்சல் படத்தை 512 பிக்சல் சில்லுகளாக வெட்டினால் 384 சில்லுகள். ஓப்பன்சீட்ராகன் போன்ற இலவசக் கருவி, திரையில் தெரியும் சில்லுகளை மட்டும் இறக்கும். சிற்பி பாரதி கேர் 2006-இல் செய்த யானைச் சிற்பத்தை நினைத்துப் பாருங்கள்: கண்ணாடியிழை உடம்பெங்கும் ஒட்டுப்பொட்டுகள். அரங்கத்தில் கிட்டப் போனால் காவலர் இருமுவார். திரையில் ஒரு பொட்டின் விளிம்பு வரை போகலாம்.

அளவு எளிது. உயரம் முதலில், அகலம் பின்னால், சென்டிமீட்டரில். பக்கத்தில் 170 செ.மீ. உயர மனித நிழலுரு ஒன்று. போதும். அம்புக்குறியை அமுக்கி நடக்கும் முப்பரிமாண மாய அரங்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அரங்கத்தின் கால்வலியை இணையத்துக்கும் இழுத்து வருகிற வேலை அது.

திருட்டு? படத்தின் குறுக்கே பெயரை அச்சிடுவது படைப்பைக் கெடுக்கும். அதற்குப் பதில் சிறிய பிரதியை ஏற்றலாம். 1,200 பிக்சல் அகலப் படத்தை அச்சுத்தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் போட்டால் 10 சென்டிமீட்டர்தான் வரும். ஆழப் பெரிதாக்கும் வசதியைக் கலைஞர் எழுத்தில் சம்மதித்த படைப்புகளுக்கு மட்டும் கொடுக்கலாம். எத்தனை மாதம், எந்த அளவு, எதற்கு என்று மூன்றும் அந்தச் சம்மதத் தாளில் இருக்க வேண்டும்.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின், சுற்றிலும் முகக்கண்ணாடி பதித்த அறையைத் திரையில் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் 'தி பிராட்' அருங்காட்சியகத்தில் அந்த அறைக்குள் ஒருவருக்குக் கிடைத்த நேரம் 45 விநாடி. முழுமை என்கிறார்களே, அது இதுதானா?

இதற்கு நேர் எதிராக, திரையிலேயே பிறந்த படைப்புகளும் இருக்கின்றன. இந்தியக் கலைஞர் நளினி மலானி ஐபேடில் விரலால் வரைந்த 88 அசைபடங்களை லண்டன் வைட்சேப்பல் அரங்கம் 2020-இல் சுவரில் ஒளியாக வீசிக் காட்டியது. அமாலியா உல்மன் என்ற கலைஞர் 2014-இல் கற்பனை வாழ்க்கை ஒன்றை இன்ஸ்டாகிராமில் மாதக்கணக்கில் நடித்தார். பின்தொடர்ந்தவர்கள் நிஜம் என்றே நம்பினார்கள். இவற்றை மரச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் எது குறையும் என்று எதிரணி யோசிக்கட்டும்.

எங்கள் பக்கத்திலும் கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண் கலைஞர் என்றால் முகப்படம், பட்ட கஷ்டம், குடும்பக் கதை எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓவியத்தைக் கீழே தள்ளுகிற பக்கங்கள். வரிசையை மாற்றுங்கள். படைப்பு, பொருள், அளவு, ஆண்டு. அதற்குப் பிறகு வாழ்க்கைக்குறிப்பு. பார்வையற்றோரின் திரைவாசிப்பிக்கு எழுதும் விவரிப்பிலும் "அழகான ஓவியம்" என்று கைகழுவக் கூடாது. எந்த உருவம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த நிறம் மேலோங்குகிறது என்று இரண்டு மூன்று வாக்கியமாவது வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணித் தோழிக்கு ஒரு கேள்வி மட்டும் விட்டுச் செல்கிறேன். 1989-இலும் 2012-இலும் சுவரில் இடம் கிடைக்காத அந்தக் கலைஞர்களுக்கு அடுத்த காலி ஆணி எந்தத் தேதியில் கிடைக்கும்? தேதியைச் சொல்லிவிட்டு அவர் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.