அளந்ததும் சொன்னதும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அந்தி நேரத்தில் அங்கே போய் நிற்பது எங்கள் சிலருக்குப் பல வருடப் பழக்கம். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். போன மாதம் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி, “அண்ணை, இதைப் பாருங்கோ. நாசாவே சொல்லிட்டுது. 2050இல கொழும்பு கடலுக்குள்ள” என்றார். கரையோரம் முழுக்கச் சிவப்பு பூசிய ஒரு வரைபடம். பக்கத்தில் நின்ற மற்றவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “நாற்பது வருஷமா இந்தக் கடலைப் பாக்கிறன். அந்தக் கல்லு அண்டைக்கும் அங்கதான், இண்டைக்கும் அங்கதான். சும்மா பயப்படுத்துறாங்கள்” என்றார்.

இந்த இரண்டு பேச்சையும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸில், கலியாண வீட்டில், சலூனில். காலநிலை மாற்றம் பற்றிய வாதம் நம்மிடையே அநேகமாக இந்த இரண்டு வசனங்களோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. இருவருமே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அதை எப்படி அளந்தார்கள்? இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் நில அளவையாளனாக வேலை பார்த்தவன். பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர் உயரம் என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். எங்கிருந்து 2,524? கடல் மட்டத்திலிருந்து. நுவரெலியாவில் குளிரில் நின்று அளந்தாலும் கணக்கு கடலில்தான் தொடங்குகிறது. சரி, அந்தக் கடல் ஓர் இடத்தில் நிற்கிறதா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த அளவையாளர் என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடலுக்குள் நிமிர்த்தி நிறுத்திய ஒரு பெரிய குழாய். அடியில் சின்னத் துவாரம். உள்ளே ஒரு மிதவை, மிதவையில் கட்டிய கம்பி, கம்பியின் மறுமுனையில் பேனா, பேனாவுக்குக் கீழே மெதுவாகச் சுற்றும் உருளையில் காகிதம். டோர்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வெளியே அலை கல்லில் மோதி என் சட்டை நனைகிறது. குழாய்க்குள்ளே தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலக் கிடக்கிறது. துவாரம் சிறியது என்பதால் அலையின் துள்ளல் உள்ளே வருவதில்லை. வற்றும் பெருக்கும் மட்டும்தான் வரும். காகிதத்தில் பேனா மேலே போய்க் கீழே வந்து நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. அப்படி வருடக்கணக்காகப் போட்ட கோடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் ‘கடல் மட்டம்’ என்ற ஒன்று கிடைக்கும் என்றார் அவர்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், என் நண்பரின் கல்லுக்கு இதில் பதில் இருக்கிறது. நம் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள்தான். உலகின் பல கரைகளோடு பார்த்தால் அது குறைவு. ஆனாலும் நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறது. அதற்கு மேல் அலை, அதற்கு மேல் சோளகக் காற்று. இத்தனைக்கும் நடுவில், முப்பது வருடத்தில் உள்ளங்கை அகலம் உயர்ந்த கடலைக் கண்ணால் பிடிக்க முடியாது. நண்பர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண் அந்த வேலைக்கு ஆன கருவி இல்லை.

அப்போ கருவி எது? 1992 ஓகஸ்ட் மாதம் நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து டொபெக்ஸ்-பொசைடன் என்ற செய்மதியை அனுப்பின. பூமிக்கு மேலே 1,336 கிலோமீற்றர் உயரத்தில் அது சுற்றியது. அங்கிருந்து ஒரு ராடார் துடிப்பைக் கடலுக்கு அனுப்பும். அது கடலில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடும். போய்வர ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது. பத்து நாளுக்கு ஒரு தரம் அதே பாதைக்கு வந்து மறுபடி அளக்கும். தனி ஓர் அளவையில் சில சென்ரிமீற்றர் பிழை இருக்கலாம். கோடிக்கணக்கான அளவைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது மில்லிமீற்றர் தெரிய ஆரம்பிக்கிறது. துறைமுகக் குழாய் செய்ததும் இதே வேலைதான்.

பிறகு 2001இல் ஜேசன்-1, 2008இல் ஜேசன்-2, 2016இல் ஜேசன்-3, 2020 நவம்பரில் சென்டினல்-6 மைக்கல் ஃபிரைலிக். இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புதுச் செய்மதி போனதும் பழையதை நிறுத்திவிட மாட்டார்கள். மாதக்கணக்காக இரண்டையும் ஒரே பாதையில், ஒன்றின் பின் ஒன்றாக, ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ இடைவெளி விட்டு ஓடவிட்டு, இரண்டும் ஒரே அளவைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான். புது அளவு நாடா வந்தால் பழைய நாடாவோடு ஒத்துப் பார்க்காமல் வேலைக்கு எடுக்க மாட்டோம். அதனால்தான் 1993இலிருந்து இன்றுவரை அறாத ஒரே தொடராக அந்தக் கணக்கு நிற்கிறது. அது சொல்வது இதுதான்: உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் வருடத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவில் ஏறியது, இப்போது நாலரை மில்லிமீற்றர் அளவில் ஏறுகிறது. ஒரு சம்பா அரிசி மணியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் முப்பது வருடத்தில் இரட்டித்துவிட்டது. இது அளந்தது. நேயர்களே, 2050இல் என்ன ஆகும் என்பது கணக்குப் போட்டுச் சொன்னது. இரண்டும் வேறு.

சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு மேலே போக முடியாது. 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. என் தங்கை குடும்பம் அப்போது காரைதீவில், கடற்கரைக்குக் கிட்ட. காலை பத்து மணியிலிருந்து நான் இங்கே தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தேன். இணைப்புக் கிடைக்கவே இல்லை. முதல் நாளே அவர்கள் அம்பாறைக்கு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள் என்பது அடுத்த நாள் இரவுதான் தெரிந்தது. அவர்கள் தப்பினார்கள். அவர்களுடைய ஒழுங்கையில் இருந்தவர்கள் பலர் தப்பவில்லை.

சில வாரம் கழித்து ஒரு செய்தி படித்தேன். சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில், டொபெக்ஸ்-பொசைடனும் ஜேசன்-1உம் தற்செயலாக இந்து சமுத்திரத்தைக் கடந்திருக்கின்றன. ஆழ்கடலில் அந்த அலையை அளந்தும் இருக்கின்றன. உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். கப்பலில் போகிறவனுக்குத் தெரிந்தும் இராது. அந்த அலைதான் ஆழம் குறைந்த கரைக்கு வந்து, பின்னால் வந்த தண்ணீர் முன்னால் போனதன் மேல் ஏறி, பனை உயரத்துக்கு எழும்பியது.

மேலே பார்த்தது என்றால் ஏன் நமக்குச் சொல்லவில்லை? என் தங்கை கேட்ட கேள்வி அது. நியாயமான கேள்வி. அந்தச் செய்மதிகள் எச்சரிக்கைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அளந்த தரவு தரைக்கு இறங்கி, மனிதர்கள் அதைப் பிரித்துப் பார்க்கப் பல மணித்தியாலம் ஆனது. இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து விண்வெளிச் செய்தி எது வந்தாலும் நான் பார்க்கும் முதல் விஷயம், அந்தக் கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குக் காரணம் நிலநடுக்கம். அதற்கும் காலநிலைக்கும் சம்பந்தம் இல்லை. சிலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

அப்புறம், “விஞ்ஞானிகளே பிழை விட்டவர்கள்தானே” என்று ஒரு வாதம். விட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. 1990களில் செய்மதியால் காற்றின் வெப்பத்தைக் கணக்கிட்டவர்கள் ஜோன் கிறிஸ்டியும் ரோய் ஸ்பென்சரும். தரையிலுள்ள வெப்பமானிகள் சூடு கூடுகிறது என்றன. இவர்களுடைய செய்மதிக் கணக்கோ அப்படிக் காட்டவில்லை. உலகம் சூடாகவில்லை என்று வாதாடியவர்களுக்கு அது பெரிய ஆதாரமாக இருந்தது. 1998இல் வேறு இரண்டு விஞ்ஞானிகள், செய்மதிகள் சுற்றும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று காட்டினார்கள். 2005இல் இன்னொரு பிழை வெளிவந்தது. செய்மதி ஓர் இடத்துக்கு மேலே வரும் நேரம் வருடங்கள் போகப் போகத் தள்ளிப் போகிறது. காய்ச்சல்காரருக்கு ஒரு நாள் விடியற்காலையிலும் இன்னொரு நாள் பின்னேரத்திலும் சூடு பார்த்துவிட்டு, கூடியதா குறைந்ததா என்று சொன்னால் எப்படி? அதற்காகச் செய்த திருத்தம் நேர் எதிர்த் திசையில் போயிருந்தது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டு கணக்கைத் திருத்தினார்கள். திருத்திய பின் அவர்களுடைய கணக்கிலும் சூடு ஏறுவது தெரிந்தது.

நானும் பிழையான மட்டம் எழுதி, இன்னோர் அளவையாளர் மறுபடி அளந்து கண்டுபிடித்த நாட்கள் உண்டு. பிழை பிடிபட்டது என்றால் யாரோ மறுபடி அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நேரம் நெருங்கிவிட்டது. சிவப்பு வரைபடத்துக்கு வருகிறேன். அந்த மாதிரி வரைபடத்துக்குக் கடலின் உயரம் மட்டும் போதாது, நிலத்தின் உயரமும் வேண்டும். பல வரைபடங்கள் 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ராடாரால் எடுத்த உயரங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அந்த ராடார் தென்னை மரத்தின் தலையையும் மாடி வீட்டின் கூரையையும் நிலம் என்று சேர்த்துக்கொண்டது. ஆகவே அதில் தாழ்ந்த நிலம் உயர்ந்ததாகத் தெரியும். பின்னால் அதைத் திருத்தியவர்கள், ஆபத்தில் இருக்கும் மக்கள் முன்பு நினைத்ததைவிடக் கூட என்று கண்டார்கள். இன்னொரு பக்கம், பல வரைபடங்கள் கடலணைகளையும் மதகுகளையும் கணக்கில் எடுப்பதில்லை. எனவே வரைபடத்தைப் பார்த்தால் நிலத்தின் உயரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எந்த வருடத்துக்கு, எவ்வளவு புகை கக்கினால் என்று கேளுங்கள்.

பனிக்கட்டியை எடை போட்டுப் பார்த்த இரட்டைச் செய்மதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு வசனம் மட்டும். 2002இல் போன அந்த இரண்டும் 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின, கீழே பனியின் எடை மாறினால் அந்த இடைவெளி தலைமயிரிலும் மெல்லிய அளவுக்கு மாறும், அதை வைத்துத்தான் கிரீன்லாந்து வருடத்துக்குச் சராசரியாக 250 பில்லியன் தொன்னுக்கு மேல் பனியை இழக்கிறது என்று கண்டார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு வெள்ளவத்தைக் கல்லுக்கும் வந்து சேர்கிறது.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.